காயலான் கடைக்குப் போகவேண்டிய காருக்குக் கோடிகளா? தெரியுமா உங்களுக்கு!

தீயில் வெந்து உருக்குலைந்த ஒரு கார். கண்ணாடி இல்லை, சீட் இல்லை, நிமிர்ந்து நிற்கும் தகடு ஒன்றுகூட இல்லை. பழைய இரும்புக்காரரிடம் போட்டால் பேரீச்சம்பழமாவது தேறுமா என்று யோசிக்க வைக்கும் நிலை. 2023 ஆகஸ்ட்டில் அமெரிக்காவின் மான்டரேயில் ஆர்எம் சதபீஸ் நிறுவனம் இதை ஏலத்துக்குக் கொண்டுவந்தது. எவ்வளவுக்குப் போனது தெரியுமா?

18 லட்சத்து 75 ஆயிரம் டாலர்! அன்றைய மதிப்பில் 15 கோடி ரூபாய்க்கும் மேல்!

1954இல் பிறந்த பெராரி 500 மாண்டியல் பந்தயக் கார் அது. 1960களில் மோதி எரிந்தது. அதன்பிறகு யாரும் அதைச் சரிசெய்யவே இல்லை. பல பத்தாண்டுகள் அப்படியே கிடந்தது. 2004இல் புளோரிடாவைத் தாக்கிய சார்லி புயலில், அது இருந்த கொட்டகையும் இடிந்து விழுந்தது! எரிந்ததும் இடிந்ததும் போக மிஞ்சிய அந்தத் தகரக் குவியலுக்குத்தான் இத்தனை கோடி!

எதற்காக? பெராரி தொழிற்சாலை அந்த வண்டிக்குக் கொடுத்த சேஸிஸ் எண் இன்னும் அதனிடம் இருக்கிறது. அந்த எண்ணுக்கு உரிமை கொண்டாட உலகத்தில் வேறு கார் கிடையாது!

'ப்ராஜெக்ட் கார்' என்றால் என்ன?

பழைய காரைப் புதுப்பிக்கிறேன் என்று ஆசை ஆசையாகப் பிரித்துப்போட்டு, பாதியில் நின்றுபோன வண்டியைத்தான் வெளிநாடுகளில் ப்ராஜெக்ட் கார் என்கிறார்கள். பாடி ஒரு மூலையில், இஞ்சின் ஒரு மூலையில், மிச்சமெல்லாம் அட்டைப் பெட்டிகளில்! பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே ஒரு பெரிய சந்தை நடக்கிறது தெரியுமா? பணம் தீர்ந்துபோனவர், வீடு மாறுபவர், விவாகரத்து ஆனவர், அப்பா விட்டுப்போன வண்டியை என்ன செய்வதென்று தெரியாத பிள்ளைகள்... விற்பவர்கள் வந்துகொண்டே இருப்பார்கள். 'வாங்கு, முடி, விற்று லாபம் பார்!' என்று வாங்குகிறவர்களும் வந்துகொண்டே இருப்பார்கள்.

லாபம் வருமா? அங்கேதான் ஆச்சரியங்கள் வரிசைகட்டி நிற்கின்றன!

ஆயிரம் மணி நேரம்!

ஒரு காரைக் கடைசி போல்ட் வரை கழற்றி முழுமையாகப் புதுப்பிக்க ஆகும் உழைப்பு சுலபமாக ஆயிரம் மணி நேரத்தைத் தாண்டிவிடும். வாரத்துக்கு ஐந்து மணி நேரம் ஒதுக்குகிறவருக்கு அது 200 வாரம். கிட்டத்தட்ட நான்கு வருடம்! பட்டறையில் கொடுத்தாலோ அத்தனை மணி நேரத்துக்கும் கூலி! சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்பது இந்தத் தொழிலுக்காகவே சொல்லிவைத்தது மாதிரி இல்லையா?

இதைக் கேளுங்கள். 2003இல் பிரிட்டனில் 'வீலர் டீலர்ஸ்' என்ற டிவி நிகழ்ச்சி தொடங்கியது. மைக் புரூவர் பழைய காரை வாங்கி வருவார், எட் சைனா ரிப்பேர் செய்வார், விற்று லாபக் கணக்குச் சொல்வார்கள். உலகம் முழுக்க ரசிகர்கள்! அந்த லாபக் கணக்கில் எது சேராது தெரியுமா? எட் சைனாவின் கூலி! வாங்கிய விலை உண்டு, ஸ்பேர் பார்ட்ஸ் உண்டு, ஆனால் நாள்கணக்கில் ஸ்பேனர் பிடித்த கைக்கு மட்டும் கணக்கு இல்லை! அந்தக் கூலியையும் எழுதிப் பாருங்கள், எத்தனை வண்டிகளின் லாபம் காணாமல் போகும் என்று!

புத்தம்புதிய 'பழைய' கார் பாடி கடையில் கிடைக்கும், தெரியுமா?

எம்ஜிபி என்பது பிரிட்டனின் செல்லக் குட்டி ஸ்போர்ட்ஸ் கார். 1962இலிருந்து 1980 வரை 5 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அதோடு கதை முடிந்தது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை! அந்தக் காலத்து அச்சுகளையே தேடிப்பிடித்து, 1988இலிருந்து பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்ஜிபி பாடியைப் புதிதாகவே அடித்து விற்க ஆரம்பித்தது! துரு அரித்த கூட்டைத் தூக்கிப்போட்டுவிட்டு, புதுக் கூட்டில் பழைய இஞ்சினை மாட்டிக்கொள்ளலாம்!

ஆனால் விலை? வெறும் கூடு மட்டுமே பத்தாயிரம் பவுண்டைத் தாண்டும். அதே பணத்துக்கு, சாவியைத் திருகினால் ஓடுகிற நல்ல எம்ஜிபியே கிடைக்கும்! அதனால் பாடி போன எம்ஜிபியை லாபத்துக்காக வாங்குவதைப்போல் ஒரு வம்பு வேறு இல்லை. வண்டியின் மேல் உயிரையே வைத்திருப்பவர் வாங்கட்டும், மகிழ்ச்சி!

போர்டு மஸ்டாங்குக்கும் இதே வசதி உண்டு. 1960களின் மஸ்டாங் பாடியை முழுசாகப் புதிதாக வாங்கலாம், போர்டு நிறுவனத்தின் அனுமதி முத்திரையோடு!

முன் மட்கார்டே இல்லாத காருக்கு 1,07,000 யூரோ!

ஜெர்மனியில் வீட்டுப் பரணைச் சுத்தம்செய்து பழைய பொருட்களுக்கு விலைசொல்லும் ஒரு டிவி நிகழ்ச்சிக் குழு, 2014இல் ஒரு பழைய கொட்டகைக்குள் போனது. உள்ளே இரண்டு போர்ஷே கார்கள். இரண்டுமே எலும்புக்கூடு! போர்ஷே அருங்காட்சியகத்துக்கு போன் போட்டு சேஸிஸ் எண்களைச் சொன்னார்கள். மறுமுனையில் இருந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்!

இரண்டில் ஒன்று 57ஆம் எண் வண்டி. போர்ஷே 911க்கு முதலில் வைத்த பெயர் 901 என்பது தெரியுமா? நடுவில் சுழியம் வரும் மூன்று இலக்கப் பெயர்கள் எங்களுடையவை என்று பிரான்ஸின் பெஜோ நிறுவனம் போர்க்கொடி தூக்கியது. போர்ஷே பெயரை மாற்றிக்கொண்டது. அதற்குள் செய்த வண்டிகள் 82 மட்டுமே. கொட்டகையில் கிடந்தது அந்த 82இல் ஒன்று!

முன்பக்க மட்கார்டுகள் இல்லை. உள்ளலங்காரம் பெரும்பாலும் இல்லை. துரு தின்றதுபோக மிஞ்சியதுதான் கார். அப்படியும் அருங்காட்சியகம் எவ்வளவு கொடுத்தது? 1,07,000 யூரோ! பக்கத்திலேயே நின்ற இன்னொரு போர்ஷேவுக்கு? 14,500 யூரோ. அதே கொட்டகை, அதே தூசி, அதே துரு! எண் ஒன்றுதான் வேறு. விலையோ ஏழு மடங்கு வேறு!

அந்த 57ஐப் புதுப்பிக்க போர்ஷே நிறுவனத்துக்கே மூன்று வருடம் பிடித்தது. காரைப் படைத்தவர்களுக்கே மூன்று வருடம் என்றால், நம் வீட்டு ஷெட்டில் எத்தனை வருடம்?

பூமிக்குள் 50 வருடம்! வெளியே வந்தபோது...

துருவைப் பற்றிப் பேசாமல் இந்தப் பேச்சு முடியாது. 1957 ஜூன் 15. அமெரிக்காவின் டல்சா நகர மக்கள் ஒரு புத்தம்புதிய பிளிமத் பெல்வடேர் காரைக் கான்கிரீட் அறைக்குள் வைத்துப் பூமிக்கடியில் மூடினார்கள். 50 வருடம் கழித்துத் திறந்து, 2007இல் டல்சாவின் மக்கள்தொகை எவ்வளவு இருக்கும் என்று சரியாக ஊகித்தவருக்கு அதைப் பரிசாகக் கொடுப்பதாகத் திட்டம். அணுகுண்டே விழுந்தாலும் தாங்கும் என்றார்கள் அந்த அறையை! 2007இல் பெட்ரோல் என்ற ஒன்றே இருக்காதோ என்று டிக்கியில் பெட்ரோல் வேறு வைத்தார்களாம்!

2007 ஜூனில் ஊரே ஆவலோடு காத்திருக்கத் திறந்தார்கள். உள்ளே? தண்ணீர்! அணுகுண்டு வரவில்லை, மழைநீரும் ஊற்றுநீரும் வந்துவிட்டன! கார் முழுக்கத் துருப்பிடித்துச் சிவந்து கிடந்தது. தொட்டால் உதிரும் நிலை. பரிசை வென்றவரோ 1979இலேயே இறந்துவிட்டார்! வண்டி அவருடைய சகோதரிகளுக்குப் போனது.

சாலையில் அதிகம் ஓடாத, முழுப் புதுக் கார்! ஈரம் ஒன்றே போதுமானதாக இருந்தது. பாதியில் நின்ற ப்ராஜெக்ட்டை வாங்கப்போகிறவர் இஞ்சினைப் பார்ப்பதற்கு முன் தரைத்தகட்டின் அடியில் டார்ச் அடித்துப் பார்ப்பது எதற்கு என்று இப்போது புரிகிறதா? இஞ்சினை இறக்கி ஏற்றிவிடலாம். அரித்துப்போன அடித்தகட்டை வெட்டி வெட்டி வெல்டிங் அடிப்பதில்தான் பணம் கரைகிறது!

தூசியைத் துடைத்தால் விலை குறையும்!

நம்ப முடிகிறதா? பிரான்ஸில் ரோஜே பாய்யோன் என்ற போக்குவரத்துத் தொழிலதிபர் 1950களிலிருந்து பழைய கார்களை வாங்கி வாங்கிச் சேர்த்தார். எல்லாவற்றையும் புதுப்பித்து அருங்காட்சியகம் அமைப்பது அவர் கனவு. 1970களில் தொழில் நொடித்தது. கொஞ்சம் கார்கள் விற்கப்பட்டன, மிச்சமெல்லாம் தகரக் கொட்டகைகளுக்கு அடியில் செடிகொடி மண்ட நின்றன. 2014இல் ஏலக்காரர்கள் போய்ப் பார்த்தபோது 60 கார்கள்! பழைய பத்திரிகைக் கட்டுகளுக்கு அடியில் ஒரு கார் அழுந்திக் கிடந்தது. பத்திரிகைகளை நகர்த்தினால் பெராரி 250 ஜிடி கலிபோர்னியா ஸ்பைடர்! அதுவும் நடிகர் ஆலன் டெலான் வைத்திருந்த கார்!

2015 பிப்ரவரியில் பாரிஸில் ஏலம். அந்தப் பெராரியை ஒரு வாளி தண்ணீர் ஊற்றிக் கழுவினார்களா? இல்லை! தூசியோடு மேடைக்கு வந்தது, 1 கோடியே 62 லட்சம் யூரோவுக்கு மேல் போனது. ரூபாயில் நூறு கோடியைத் தாண்டுகிறது! தொகுப்பு முழுவதும் சேர்த்து இரண்டரைக் கோடி யூரோவுக்கும் மேல்!

ஒரு மனிதர் முடிக்காமல் விட்ட 60 ப்ராஜெக்ட்டுகள் இவை. அவர் கனவு நிறைவேறாமல் போனதை நினைத்தால் எனக்கு மனம் கனக்கத்தான் செய்கிறது. ஆனாலும் அவர் சேர்த்திருக்காவிட்டால் இவற்றில் பல எப்போதோ உருக்காலைக்குப் போயிருக்கும்!

இப்போதெல்லாம் பழைய கார் உலகத்தில், கை படாத வண்டிக்குத் தனி மரியாதை. கலிபோர்னியாவின் பெபிள் பீச் கார் கண்காட்சியில் புதுப்பிக்காமல் காப்பாற்றிவைத்த கார்களுக்கென்றே தனிப் போட்டிப் பிரிவு வைத்திருக்கிறார்கள்! பெயிண்ட் எத்தனை தடவை வேண்டுமானாலும் அடிக்கலாம், தொழிற்சாலையில் அடித்த முதல் பெயிண்ட் ஒரே தடவைதானே!

ஏரிக்கடியில் ஒரு புகாட்டி!

இதைவிட மோசமான நிலை இருக்க முடியுமா என்கிறீர்களா? இருக்கிறது! இத்தாலிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில் மாஜ்ஜோரே ஏரி. வரி கட்டாமல் நின்ற 1925ஆம் ஆண்டு புகாட்டி பிரெசியா காரை, 1930களில் சுங்க அதிகாரிகள் ஏரிக்குள் தள்ளிவிட்டார்கள் என்கிறது கதை. வேண்டும்போது இழுத்துக்கொள்ளலாம் என்று சங்கிலி கட்டியிருந்தார்களாம். சங்கிலி அற்றுப்போனது, கார் 50 மீட்டருக்கும் கீழே போனது!

2009 ஜூலையில் வெளியே எடுத்தார்கள். 70 வருடத்துக்கும் மேலாகத் தண்ணீருக்குள்! ஒரு பக்கம் முழுக்க அரித்துப்போய், ஓட்டவே முடியாத அந்தக் கூடு 2010 ஜனவரியில் பாரிஸ் ஏலத்தில் 2,60,500 யூரோவுக்குப் போனது! அந்தப் பணம் எங்கே போனது தெரியுமா? தாக்கிக் கொல்லப்பட்ட ஓர் இளைஞரின் நினைவாகத் தொடங்கிய அறக்கட்டளைக்கு! வாங்கியவர் அதைப் புதுப்பிக்கவில்லை. சேறும் துருவுமாக அப்படியே அருங்காட்சியகத்தில் வைத்தார்!

ஹீரோ கேட்டும் கொடுக்காத கார்!

எனக்கு மிகவும் பிடித்த கதை இதுதான். 1968இல் வெளிவந்த 'புல்லிட்' படம். ஸ்டீவ் மெக்குவீன் பச்சை நிற மஸ்டாங்கில் சான் பிரான்சிஸ்கோ மேட்டுத் தெருக்களில் பறந்த அந்தத் துரத்தல் காட்சியை மறக்க முடியுமா? படத்தில் நடித்த அந்தக் காரை 1974இல் ஒருவர் பத்திரிகை விளம்பரம் பார்த்து வாங்கினார். விலை 6,000 டாலர் அளவுதான்!

வாங்கி என்ன செய்தார்? வீட்டு உபயோகத்துக்கு வைத்துக்கொண்டார்! ஆசிரியையான அவர் மனைவி அதில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தார்! 1977இல் ஸ்டீவ் மெக்குவீனே கடிதம் எழுதினார், அந்தக் காரைத் திரும்பத் தரமுடியுமா என்று. கொடுத்தார்களா? கொடுக்கவில்லை!

1980இல் கிளட்ச் போனது. வண்டி ஓரம் கட்டப்பட்டது. பிறகு அப்பாவும் மகனும் சேர்ந்து அதைச் சரிசெய்ய ஆரம்பித்தார்கள். அப்பாவுக்கு உடல்நலம் கெட்டது, வேலை நின்றது. ஆம், இதுவும் பாதியில் நின்ற ஒரு ப்ராஜெக்ட்தான்! அப்பா இறந்தபிறகு மகன் வண்டியை ஓடவைத்தார், ஆனால் பெயிண்டைத் தொடவில்லை, கீறலைத் தொடவில்லை, படப்பிடிப்புக்காக வண்டியில் செய்த மாற்றங்களையும் தொடவில்லை.

2020 ஜனவரி. புளோரிடாவின் கிஸ்ஸிமியில் மெக்கம் ஏலம். சுத்தியல் விழுந்த விலை 34 லட்சம் டாலர்! ஏலக் கட்டணமும் சேர்த்தால் 37 லட்சத்து 40 ஆயிரம்! 6,000 எங்கே, 37 லட்சம் எங்கே! புதிதாக்கப் போகிறேன் என்று பளபளவென்று பெயிண்ட் அடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது!

100 டாலருக்கு ஜேம்ஸ் பாண்ட்!

1989இல் நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில், வாடகை பாக்கி விழுந்த ஒரு சேமிப்பு அறையை உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமலேயே ஒரு தம்பதி 100 டாலர் அளவில் வாங்கினார்கள். திறந்தால் போர்வைக்குள் சக்கரமில்லாத ஒரு கார்! 'தி ஸ்பை ஹூ லவ்டு மீ' படத்தில் கடலுக்கடியில் போகுமே, அந்த லோட்டஸ்! அவர்கள் ஜேம்ஸ் பாண்ட் படமே பார்த்ததில்லையாம். வீடியோ கேசட் வாடகைக்கு எடுத்துப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்களாம்! சாலையில் ஓடவே ஓடாத அந்தக் கார் 2013இல் லண்டனில் 6,16,000 பவுண்டுக்குப் போனது. டாலர் கணக்கில் ஏறத்தாழ பத்தாயிரம் மடங்கு! வாங்கியவர் யார்? ஈலான் மஸ்க்!

தோட்டத்தில் முளைத்த பெராரி!

1978இல் லாஸ் ஏஞ்சலஸில் ஒரு வீட்டுத் தோட்டத்தில் மண்ணைத் தோண்டி விளையாடிய குழந்தைகளுக்கு ஏதோ தட்டுப்பட்டது என்கிறது கதை. போலீஸ் வந்து தோண்டினால் பெராரி டீனோ! 1974இல் திருடுபோனதாகப் புகார் எழுதப்பட்ட கார்! பிறகு கைமாறி, புதுப்பிக்கப்பட்டு இன்று சாலையில் ஓடுகிறது. அதன் நம்பர் பிளேட்டில் என்ன எழுதியிருக்கிறது தெரியுமா? 'தோண்டி எடுத்தது'!

மிஞ்சியது மூன்றே பாகம், விலை ஒரு கோடி பவுண்ட்!

எல்லாப் பாகங்களையும் மாற்றிவிட்டால் அது பழைய கார்தானா? இந்தக் கேள்வி இங்கிலாந்தில் நீதிமன்றம் வரைக்கும் போயிருக்கிறது! 1929, 1930 என்று இரண்டு வருடம் தொடர்ந்து லெ மான்ஸ் பந்தயத்தில் வென்ற பென்ட்லி, 'ஓல்டு நம்பர் ஒன்'. அதை ஒரு கோடி பவுண்டுக்குப் பேசி முடித்த நிறுவனம், இது அசல் இல்லை என்று பின்வாங்கியது. 1990இல் தீர்ப்பு. 1930 பந்தய வண்டியிலிருந்து மிஞ்சியவை என்று தீர்ப்பு சொன்னவை எவை தெரியுமா? பெடல் தண்டு, கியர்பாக்ஸ் உறை, ஸ்டீயரிங் தண்டு! அவ்வளவுதான்!

அப்படியானால் போலியா? இல்லை என்றார் நீதிபதி! பந்தயத்துக்குப் பந்தயம் பாகங்கள் மாறியிருக்கலாம், ஆனால் அந்த வண்டியின் வாழ்க்கை அறுபடவே இல்லை, ஆகவே இதுதான் அசல் ஓல்டு நம்பர் ஒன்! பேசிய பணத்தைக் கொடுக்கவேண்டியதாயிற்று!

பிரித்துப்போட்ட காரை வாங்குகிறவர் பெட்டி பெட்டியாக இருக்கும் பாகங்களைவிட ஒரு கோப்பு பழைய பில்லுக்கும் போட்டோவுக்கும் பதிவுப் புத்தகத்துக்கும் அதிகம் கொடுப்பது இதனால்தான். காகிதம் இருந்தால் தகரமும் தங்கம்!

கார் நிறுவனமே பாதியில் விட்ட ப்ராஜெக்ட்!

1963இல் ஜாகுவார் நிறுவனம் எடை குறைந்த பந்தய ஈ-டைப் கார்கள் 18 செய்வதாக எண் ஒதுக்கியது. செய்தது 12. மிச்சம் 6 எண்கள் ஏட்டிலேயே தூங்கின. எத்தனை வருடம்? ஐம்பது! 2014இல் ஜாகுவார் அந்த ஆறையும் அதே எண் வரிசையில் செய்தது! ஒவ்வொன்றும் பத்து லட்சம் பவுண்டுக்கு மேல்!

ருசி கண்டபின் விடுவார்களா? 1957 பிப்ரவரியில் தொழிற்சாலைத் தீவிபத்தோடு நின்றுபோன எக்ஸ்கேஎஸ்எஸ் காரிலும், 25இல் குறைந்த 9ஐ அறுபது வருடம் கழித்துச் செய்து முடித்தார்கள். உலகத்திலேயே பெரிய தாமதத்தில் முடிந்து, பெரிய விலைக்குப் போன ப்ராஜெக்ட் கார்கள் இவைதானோ!

நம் ஊரில்?

50 வயதைத் தாண்டிய கார், பைக்குகளுக்கு இந்திய அரசு 2021இல் தனி விதியே கொண்டுவந்துவிட்டது தெரியுமா? நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற இரண்டு எழுத்து! புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். மறுபதிவுக்கு 5,000. தினமும் ஆபீசுக்கு ஓட்டிப்போக முடியாது. கண்காட்சி, பேரணி, ஆராய்ச்சி, பெட்ரோல், பராமரிப்பு என்றால் ஓட்டலாம். விற்கலாமா? தாராளமாக! 90 நாளுக்குள் போக்குவரத்து அதிகாரிகளுக்குத் தெரிவிக்கவேண்டும், அவ்வளவுதான்.

முக்கியமான நிபந்தனை ஒன்று உண்டு. சேஸிஸ், பாடி, இஞ்சின் மூன்றும் அசல் வடிவத்தில் இருக்கவேண்டும். மைலேஜுக்காகப் பழைய பெட்ரோல் இஞ்சினைக் கழற்றிவிட்டு டீசல் இஞ்சின் மாட்டிய வண்டிகள் நம் ஊரில் எத்தனை! அப்படிக் கழற்றிய இஞ்சின் ஏதாவது உங்கள் தாத்தா வீட்டுக் கொட்டகையில் சாக்குக்கு அடியில் கிடக்கிறதா? எடைக்குப் போட்டுவிடாதீர்கள், முதலில் அதன் எண்ணைப் பாருங்கள்!